புதுக்கடைப் படியேறிய காயங்கள்

கொழும்புத் தமிழர்கள் வழக்குக்கு அஞ்சுபவர்கள் அல்லர். காணி உறுதியில் ஓர் எல்லை பிசகினால், கடை வாடகையில் ஒரு தகராறு எழுந்தால், சீதன வீட்டில் பங்கு கேட்டு ஒருவர் வந்தால், மறுநாட் காலையிலேயே சட்டத்தரணியின் வாசலில் நிற்பார்கள். ஆனால் காலி வீதியில் பேருந்து மோதிக் கால் முறிந்தாலோ, அச்சகத்தில் இயந்திரம் ஒரு விரலைக் கொண்டு போனாலோ, அதே மனிதர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பார்கள். "கடவுள் உயிரையாவது விட்டு வைத்தாரே" என்பார்கள். சாரதி ஆஸ்பத்திரிக்கு வந்து கையில் திணிக்கும் சில ஆயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு, அவர் நீட்டும் தாளில் ஒரு கையொப்பத்தையும் வைத்து அனுப்பிவிடுவார்கள். காணிக்கு வழக்காடும் நாம் காலுக்கு வழக்காடுவதில்லை.

ஏன் இப்படி? விதியின் மீது பாரத்தைப் போடும் நமது இயல்பே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு விடையன்று. காயம்பட்டவர் யாரைப் பொறுப்பாக்கலாம், எந்த நாளுக்குள் பொறுப்பாக்க வேண்டும், எந்தக் கடதாசியைக் காட்டிப் பொறுப்பாக்க வேண்டும் என்பவற்றுக்கு இந்த நகரத்தில் ஒரு நீண்ட வரலாறு இருக்கின்றது. அந்த வரலாற்றின் பெரும்பகுதியில் கதவுகள் மூடியே இருந்தன. அவை ஒவ்வொன்றாகத் திறந்தபோது அதனை அறிந்துகொண்டவர்களும் சிலரே. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த 1990களில் நீதிமன்றச் செய்திகளுக்காகப் புதுக்கடைக்கு அடிக்கடி போய் வந்தேன். அங்கே கண்டவையும் பின்னர் வாசித்து அறிந்தவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சட்டம்

தமிழில் புதுக்கடை என்றும் சிங்களத்தில் அளுத்கடே என்றும் அழைக்கப்படும் இடத்தின் ஆங்கிலப் பெயர் ஹல்ஸ்டொப். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பறிக்க வந்த ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ஃப்டின் பெயரால் அமைந்தது அது. 1656 மே மாதத்தில் கொழும்பு வீழ்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஏப்ரல் 10ஆம் திகதி, முற்றுகையின்போதே ஹல்ஃப்ட் உயிரிழந்தார். காயம்பட்டு மாண்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய மேட்டில் பின்னர் நாட்டின் பெரிய நீதிமன்றங்கள் அமைந்தன.

ஒல்லாந்தர் 1796இல் போய்விட்டார்கள். அவர்களது சட்டம் போகவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் நிலவிய சட்டங்களின்படியே நீதி பரிபாலிக்கப்படும் என்று 1799 செப்டெம்பர் 23ஆம் திகதி ஆங்கிலேயர் பிரகடனம் செய்தனர். தாய்நாடான ஒல்லாந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் பழைய சட்டத்தைக் கைவிட்டுப் புதிய சட்டக் கோவைகளுக்கு மாறிற்று. இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் அது தொடர்ந்து வாழ்கின்றது. ஒருவரது கவனயீனத்தால் இன்னொருவருக்குக் காயம் நேர்ந்தால், கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் நட்டஈட்டு வழக்கு இன்றும் உரோம-டச்சுச் சட்டத்தின் வழியேதான் நடக்கின்றது.

இதில் ஒரு விநோதம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்த ஒருவரது சீதனமும் முதுசமும் தேசவழமையைச் சேரும். அதனை 1707இல் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தத் திசாவை. ஆனால் அதே மனிதரின் முறிந்த காலுக்குத் தேசவழமையில் இடமில்லை. அது உரோமாபுரியில் பிறந்த சட்டத்தைச் சேரும்.

அந்த உரோமச் சட்டத்தின் மூலவேர் அக்குயிலியச் சட்டம் எனப்படுவது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறருடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவர், காயப்படுத்தியவர் அதன் உரிமையாளருக்கு ஈடு செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அடிமையின் உடலுக்குச் சந்தையில் விலை உண்டு. ஆகவே எஜமானுக்கு நட்டம் உண்டு. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை கிடையாது. தன் அங்கங்களுக்கு ஒருவன் தானே உரிமையாளன் ஆகமாட்டான் என்று உரோம அறிஞர்கள் வாதிட்டனர். எனவே சுதந்திர மனிதனுக்குக் காயம் நேர்ந்தபோது வைத்தியச் செலவையும் இழந்த உழைப்பையும் கணக்கிட்டார்கள். தழும்புக்கும் வேதனைக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. மனித உடலை மதித்ததனாலேயே அதற்கு ஈடில்லாமற் போயிற்று.

இந்தக் குறையை நிரப்பியவர்கள் ஒல்லாந்தர். ஹியூகோ குரோஷியஸ் என்ற பேரறிஞர் லூவெஸ்டைன் கோட்டையில் சிறையிருந்தபோது எழுதி, 1631இல் வெளியான சட்ட நூலில், வேதனையும் உருவச் சிதைவும் உண்மையில் ஈடுசெய்ய முடியாதவை என்றாலும், கோரப்பட்டால் அவற்றைப் பணமாக மதிப்பிடலாம் என்ற கருத்து இடம்பெற்றது. 'கோரப்பட்டால்' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக இந்தச் சட்டம் ஒருவர் வந்து கேட்பதற்காகக் காத்திருக்கிறது. கேளாதவரைத் தேடி அது போவதில்லை.

கேட்பதற்கு நம் முன்னோர் இருவரைத் தேடிப் போனார்கள். ஒருவர் பிறக்கிராசி, மற்றவர் அப்புக்காத்து. முன்னையது போர்த்துக்கேயச் சொல்லிலிருந்தும் பின்னையது ஒல்லாந்தச் சொல்லிலிருந்தும் வந்தவை. பிறக்கிராசி கட்சிக்காரரின் கதையைக் கேட்டு ஆவணங்களை ஆயத்தம் செய்வார். அப்புக்காத்து நீதிபதி முன் எழுந்து வாதிடுவார். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இவ்விரு வகுப்பினரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயரைக் கொடுத்தது. பெயர் ஒன்றானாலும் வேலை இன்னமும் இரண்டுதான். கட்சிக்காரர் புரொக்சி எனப்படும் பத்திரத்தில் கையொப்பமிட்டு ஒருவரை நியமிக்கிறார். அவர் வழக்கைப் பதிவு செய்கிறார். வாதிடுவதற்கு இன்னொருவர் வருகிறார். காயத்தைக் கதையாகச் சொல்ல வந்தவரிடமிருந்து திகதியையும் பற்றுச்சீட்டையும் சாட்சியையும் பிரித்தெடுப்பது முதலாமவரின் பணி. வழக்கின் தலைவிதி பெரும்பாலும் அவருடைய மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் அவதானம்.

வெள்ளவத்தை ஆலையும் 1934ஆம் ஆண்டுச் சட்டமும்

உரோம-டச்சுச் சட்டத்தின் கீழ் வழக்காடுபவர் எதிராளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கு இது ஏறக்குறைய இயலாத காரியம். சாட்சிகள் எல்லாரும் அதே முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர்கள். வழக்குச் செலவுக்குப் பணமில்லை. வழக்குத் தொடுத்த மறுநாள் வேலையும் இருக்காது.

இன்று உணவகங்களுக்கும் புடைவைக் கடைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்பெற்ற வெள்ளவத்தை, ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளரின் ஊராகவும் இருந்தது. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் சிங்களத் தொழிலாளரும் மலையாளத் தொழிலாளரும் வேலை செய்தனர். 1933இல் அங்கே வெடித்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஏ.ஈ. குணசிங்கவின் பழைய தலைமைக்கும் இளம் இடதுசாரிகளுக்கும் இடையிலான மோதலாகவும் அது அமைந்தது. தொழிலாளர் பக்கம் நின்று ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இளம் சட்டவாதியான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. அவரும் தோழர்களும் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

அந்த வேலைநிறுத்தத்துக்கு அடுத்த ஆண்டு, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. பிரித்தானியாவில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் வந்த சட்டங்களின் வழியில் அமைந்தது இது. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் நேர்ந்தது என்றாலே போதும். எந்த அங்கம் போனால் உழைப்புத் திறனில் எத்தனை வீதம் போயிற்று என்று அட்டவணையே கணக்குச் சொல்லும். மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திராமல், நட்டஈட்டு ஆணையாளர் முன் விசாரணை நடக்கும். வேலைக்குச் செல்லும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளடக்கியது.

ஆனால் இந்தக் கதவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆணையாளரிடம் போனவர் அதே காயத்துக்காக முதலாளி மீது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. நீதிமன்றத்துக்குப் போனவர் ஆணையாளரிடம் வர முடியாது. அட்டவணைப் பணம் சிறியது, நிச்சயமானது. நீதிமன்றப் பணம் பெரியதாக இருக்கலாம், நிச்சயமற்றது. கொட்டாஞ்சேனையில் குடியிருந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்த எத்தனையோ பேருக்கு இந்த இரண்டில் எது தனக்கு ஏற்றது என்று சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. நல்ல சட்டத்தரணி முதலில் செய்யும் உதவி இந்தத் தெரிவுதான்.

ஐந்து பவுனும் இல்லாத ஒரு பெண்

இதே காலத்தில் ஸ்கொட்லாந்தில் நடந்த ஒரு வழக்கை இங்கே நினைவுகூர வேண்டும். 1928 ஓகஸ்ட் 26ஆம் திகதி பெய்ஸ்லி நகரத்துத் தேநீர்ச்சாலை ஒன்றில் மே டொனகியூ என்ற பெண், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தைக் குடித்தார். கறுத்த போத்தலிலிருந்து மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வெளிவந்தது என்பது அவரது முறைப்பாடு. நோயுற்ற அவர் வழக்காட விரும்பினார். ஆனால் பானத்தை வாங்கியவர் தோழி. ஆகவே கடைக்காரருடன் அவருக்கு ஒப்பந்தம் இல்லை. பானம் தயாரித்தவருடன் எந்தத் தொடர்பும் இல்லை.

கிளாஸ்கோ நகரத்துச் சட்டத்தரணி வோல்ட்டர் லீச்மன் இந்த வழக்கை ஏற்றார். சற்று முன்னர்தான் இதே போன்ற வழக்கொன்றில், போத்தலுக்குள் எலி கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், அவரது கட்சிக்காரர் தோற்றிருந்தார். அந்தத் தோல்வியின் ஈரம் காயுமுன் அவர் நத்தை வழக்கைப் பதிவு செய்தார். பிரபுக்கள் சபை வரை போவதற்குத் தன்னிடம் ஐந்து பவுன் பெறுமதியான சொத்தும் இல்லை என்று டொனகியூ சத்தியக் கடதாசி கொடுத்தார். ஏழைக் கட்சிக்காரராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1932 மே 26ஆம் திகதி மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. நமது செயலால் பாதிக்கப்படக்கூடிய அயலவர் எவரென்று முன்கூட்டியே சிந்தித்து நடப்பது சட்டக் கடமை என்று அட்கின் பிரபு கூறினார். நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசி வரை விசாரிக்கப்படவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது. கற்கும்போது அட்கின் பிரபுவின் பெயரையே சொல்வார்கள். ஒரு முறை தோற்ற பின்னும் அதே கதவை மறுபடி தட்டிய லீச்மனும், தன் வறுமையைச் சத்தியம் செய்து சொல்லக் கூசாத அந்தப் பெண்ணும் இல்லாவிட்டால் அட்கினுக்குத் தீர்ப்பெழுத வாய்ப்பே வந்திராது. வறியவருக்காக வழக்காட நம் நாட்டிலும் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை நிறுவியது. கொழும்பில் அதன் அலுவலகம் புதுக்கடையிலேயே அமைந்தது. அப்படி ஒன்று இருப்பதை அறியாமலேயே அதன் வாசலைக் கடந்து போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அரசனுக்குக் குற்றம் இல்லை

பொறுப்பாளி தனியாராக இருந்தால் வழக்காடலாம். அரசாங்கமாக இருந்தால்?

அரசன் தவறு செய்யமாட்டான் என்ற ஆங்கிலேயக் கோட்பாடு இலங்கையிலும் வேரூன்றிற்று. 1884இல் நியூமன் எதிர் இராணி வழக்குரைஞர் என்ற வழக்கில், இத்தகைய தீங்குகளுக்கு முடிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பாயிற்று. இதன் பொருளை வெள்ளவத்தையில் நின்று பார்த்தால் விளங்கும். கடற்கரையோரம் ஓடும் புகையிரதப் பாதை அரசாங்கத்துக்குரியது. காலி வீதியில் தனியார் பேருந்து மோதிக் கால் இழந்தவர் அதன் உரிமையாளரைப் பொறுப்பாக்கலாம். நூறு யார் தள்ளி, அரசாங்கப் புகையிரதத்தால் கால் இழந்தவர் அரசாங்கத்தைப் பொறுப்பாக்க முடியாது. தவறிழைத்த ஊழியரைத் தனிப்பட வழக்குக்கு இழுக்கலாம். மாதச் சம்பளக்காரரான அவரிடமிருந்து என்ன பெற முடியும்?

இந்தக் கதவு 1969இல் திறந்தது. அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசாங்கத்தையும் மற்றத் தரப்பினரைப் போலத் தன் ஊழியரின் தவறுகளுக்குப் பொறுப்பாக்கியது. சுதந்திரம் கிடைத்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை இன்னொரு கதவையும் திறந்தது. அரச அதிகாரம் ஒருவரது அடிப்படை உரிமையை மீறினால், நேரே உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நட்டஈடும் கேட்கலாம்.

கதவு திறந்த நாட்டிலேதான் 1983 ஜூலை வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மனிதர்கள் வெட்டுண்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் புதுக்கடைக்குப் போகவில்லை. அகதி முகாமுக்கும் கப்பலுக்கும் விமானத்துக்கும் போனார்கள். புனர்வாழ்வுக்கென அமைக்கப்பட்ட அதிகார சபையும் பின்னர் வந்த ஏற்பாடுகளும் உதவிப் பணம் கொடுத்தன. அது சலுகை. தீர்ப்பாக எழுதப்பட்ட உரிமையன்று. 21 ஆண்டுகள் கழித்து 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மன்னிப்புக் கோரியபோது, பாதிக்கப்பட்ட சிலருக்கு நட்டஈடும் வழங்கப்பட்டது. அதற்குள் காயம்பட்டவர்களுள் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள்.

நாட்காட்டி என்னும் எதிராளி

இங்கே காலக்கெடு பற்றிச் சொல்ல வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், காயத்துக்கும் நட்டத்துக்குமான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது. அடிப்படை உரிமை மனுவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சிறிது இளக்கம் காட்டியது.

புலம்பெயர்ந்த வாசகர்கள் தத்தம் நாட்டுக் கணக்கையும் அறிந்து வைத்திருப்பது நன்று. இங்கிலாந்தில் உடற்காய வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள். ஒன்ராறியோவில் பொதுவாக இரண்டு ஆண்டுகள். தமிழ்நாட்டில் வீதி விபத்துகளுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் உள்ளன. அங்கு 1994இல் காலக்கெடு நீக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறு மாதம் என மீண்டும் விதிக்கப்பட்டது. இலங்கையில் அத்தகைய தனித் தீர்ப்பாயம் அமையவில்லை. பேருந்து மோதியவரும் காணி வழக்குக்காரரும் ஒரே மாவட்ட நீதிமன்றத்தில் தவணை எண்ண வேண்டியவர்களே.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒருவர், வான் மோதி இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு சத்திர சிகிச்சைகள் முடிந்து, ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கிய பின்னரே சட்டத்தரணியைத் தேடிப் போனார். முழுதாகக் குணமான பிறகு கணக்குக் கேட்பதுதான் நியாயம் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணந்தான். விபத்து நடந்து அன்றைக்கு இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. கோப்பைப் புரட்டிய சட்டத்தரணி முதற் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்.

தாமதத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. வழக்கின் முதல் ஆவணம் பொலிஸ் முறைப்பாடு. 1990களில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்தோருக்குப் பொலிஸ் நிலையம் என்பது முறைப்பாடு கொடுக்கும் இடமாகத் தோன்றவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் எதுவென்று பார்க்கப்படும். பொலிஸ் பதிவு எங்கே என்று கேட்கப்படும். முச்சக்கர வண்டி மோதிக் கை முறிந்த இளைஞர், வண்டிச் சாரதியை விடப் பொலிஸுக்கே அதிகம் அஞ்சினார். ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னவர்களை நான் அறிவேன். அந்த ஒரு சொல் நோயாளி அட்டையில் எழுதப்பட்ட கணமே வழக்கு செத்துவிடும்.

அதே அச்சத்தின் உச்சம் 2007 ஜூன் 7ஆம் திகதி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் அப்பாலும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தது. அன்றைய தினமே வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவு கிடைத்தது. ஒரு வாரம் யோசித்திருந்தால் லொட்ஜ்கள் வெறுமையாகியிருக்கும்.

துயரத்துக்கு அட்டவணை இல்லை

காலத்துக்குள் போனாலும் நிரூபணம் என்ற மலை எதிரே நிற்கும். இலங்கையின் மருத்துவக் கவனயீன வழக்குகளுள் பெயர்பெற்றது பிரியாணி சொய்சா எதிர் அர்சகுலரத்ன. 1992இல் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று மூளைத்தண்டுக் கட்டியால் இறந்தது. நோயைச் சரியாகக் கண்டறியவில்லை என்று, சிகிச்சையளித்த பேராசிரியர் மீது சட்டத்தரணியான தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பெரிதும் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளுபடி செய்தது. கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்ற தொடர்பு நிறுவப்படவில்லை என்பதே காரணம். நோய் அத்தகையது.

அந்த வழக்கு இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. பெற்றோர் இழந்த அன்புக்கும் அருகிருப்புக்கும் உரோம-டச்சுச் சட்டத்தில் ஈடில்லை. பணமாகக் கணக்கிடக்கூடிய நட்டமே நட்டம். நான்கு வயதுக் குழந்தை யாருக்கும் உழைத்துக் கொடுப்பதில்லை. அக்குயிலியச் சட்டத்தின் பழைய அடிமைச் சந்தைக் கணக்கு எத்தனை நூற்றாண்டு கடந்தும் எட்டிப் பார்த்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான், பிறரது தவறால் உயிரிழந்தவரின் உறவினர் அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்காகவும் நட்டஈடு கோர வழி செய்தது.

ஆவணம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு ஜெரால்ட் பெரேராவின் வழக்கு சான்று. கொழும்புக் கப்பல் திருத்துமிடத்தில் வேலை செய்த அவர், 2002 ஜூனில் வேறொருவர் என்று பிழையாக எண்ணப்பட்டு வத்தளைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். சிறுநீரகம் செயலிழந்து தனியார் வைத்தியசாலையில் உயிருக்குப் போராடினார். அடிப்படை உரிமை மனுவில் 2003 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 8 இலட்சம் ரூபா நட்டஈட்டுடன் அந்த வைத்தியச் செலவையும் கொடுக்க உத்தரவிட்டது. இலவச அரச வைத்தியசாலை இருக்கத் தனியாரிடம் ஏன் போனார் என்ற வாதத்தை நீதியரசர் மார்க் பெர்னாண்டோ ஏற்கவில்லை. உயிரைக் காக்க எங்கே போவது என்று தெரிவு செய்யும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றார். பற்றுச்சீட்டுகள் பேணப்பட்டிருந்ததால் அந்த வாதத்துக்கே இடம் கிடைத்தது. ஆனால் அதே பெரேரா, சித்திரவதைக் குற்ற வழக்கில் சாட்சியமளிக்கச் சில நாட்கள் இருக்கையில், 2004 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்காடுவது இந்த நாட்டில் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாகவும் இருந்திருக்கிறது. அஞ்சியவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

மொழியும் ஒரு சுவர். நீதிமன்றத்தில் தமிழில் விளங்கிக்கொள்வதற்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை வழங்குகிறது. ஆயினும் கொழும்பில் வழக்கு நடப்பது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். தன் வேதனை எப்படி மொழிபெயர்க்கப்படுகிறது என்று அறியாமல் சாட்சிக் கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த சட்டத்தரணியிடம் தன் கதையை முதன்முறை தன் மொழியில் சொல்ல முடிவது சிறிய விடயமன்று.

கொச்சிக்கடை

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல நூற்றுவர் காயமுற்றனர். கொச்சிக்கடையில் வீழ்ந்தவர்களுள் தமிழரும் சிங்களவரும் இருந்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில் தொடங்கியது அத்தலம் என்று மரபு கூறும்.

குண்டு வைத்தவர்கள் இறந்துவிட்டார்கள். வழமையான வழியில் பொறுப்பாக்க எவரும் இல்லை. விதி என்று விட்டுவிடக்கூடிய இடம் இது. ஆனால் தாக்குதல் பற்றிய புலனாய்வுத் தகவல் அந்த ஏப்ரல் தொடக்கத்திலேயே கிடைத்திருந்தும் தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை என்ற அடிப்படையில், அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. பிள்ளைகளை இழந்த பெற்றோர், காயமுற்றவர்கள், குருமார், சட்டத்தரணிகள் சங்கம் எனப் பலர் மனுதாரர்கள். மொத்தம் 12 மனுக்கள். அந்த ஒரு மாதத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் வைத்தியசாலை வாசலிலும் மயானத்திலும் கழித்தன என்பதை நினைத்தால் 12 என்பது சிறிய எண்ணன்று. பதவியிலிருக்கும் ஜனாதிபதி மீது வழக்குத் தொடர முடியாது. மைத்திரிபால சிறிசேன பதவியை விட்டிறங்கிய பின்னரே அவரும் பிரதிவாதியாக்கப்பட்டார்.

2023 ஜனவரி 12ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா, முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்த சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. ஐவருமாக 31 கோடி. இப்பணத்தைத் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பது உத்தரவின் முக்கிய அம்சம். 1884இல் முடிக்குக் குற்றமில்லை என்று எழுதப்பட்ட நாட்டில், நாட்டின் தலைவராயிருந்தவரே காயம்பட்டவருக்குக் கடனாளியானார். அவர் தவணைகளாகச் செலுத்தினார்.

இந்தத் தீர்ப்பில் என் மனத்தைத் தொட்டது தொகையன்று. அந்தப் பணம் மனுதாரர்களுக்கு மட்டும் உரியதாக்கப்படவில்லை. இழப்பீடுகளுக்கான அலுவலகத்தின் பொறுப்பில் பாதிக்கப்பட்டோருக்கான நிதியமாக வைக்கப்பட்டது. உரிய மாதத்துக்குள் புதுக்கடைக்குப் போக முடியாதவர்கள், போகத் தெரியாதவர்கள், போக அஞ்சியவர்கள் எல்லோருக்குமாகச் சிலர் போனார்கள்.

ஆகவே காயம்பட்டு வீட்டிலிருக்கும் உறவினரைப் பார்க்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோடம்பழத்தோடு திரும்பிவிடாதீர்கள். விபத்து நடந்த திகதியைக் கேளுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எங்கே, ஆஸ்பத்திரி அட்டை எங்கே, மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகள் எங்கே என்று கேட்டு ஓர் உறையில் போட்டு வையுங்கள். எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம் என்று சொல்லுங்கள். நடக்க முடியாதவரின் சார்பில் சட்டத்தரணியிடம் ஒருவர் முதலில் நடந்து போய் வரலாம். அதற்குத் தடையேதும் இல்லை.